யார் கை போட்ட உப்பு?

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்த ஒவ்வொரு டாக்டரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "உப்பு நிறைய சேத்துக்குவீங்களாம்மா?"

இல்லை என்பேன். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அந்த ஒரு சொல்லை வெளியே தள்ளுவதற்கே மூச்சு பற்றாது. உடனே கேள்வி என்னை விட்டுவிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் என் வீட்டுக்காரர் சூசை மேல் பாயும்.

"வீட்ல யார் சமையல்?"

"நான்தான் சார்."

"என்ன வேலை பண்றீங்க?"

"சமையல் மாஸ்டரு சார். கல்யாணம், சர்ச்சு விருந்துன்னு ஆர்டர் எடுத்துச் செய்றேன்."

அவ்வளவுதான். கேட்டவர் முகத்தில் ஒரு 'ஓகோ' வந்து உட்காரும். குற்றவாளி கிடைத்துவிட்டான். சீட்டில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். சூசை அண்டா தூக்கிக் காய்த்துப்போன தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

இப்போது எனக்கு மூச்சு சீராகிவிட்டது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. கோபம் மட்டும் வடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. நெம்மேலி தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். என் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் ஏசி அறைகளுக்குச் சாவி வைத்திருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. போன வருஷம் ரிசார்ட்டில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே சூசை ஊறுகாய் ஜாடியைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். கருவாட்டைக் கண்ணில் காட்டவில்லை. அப்பளம் கிடையாது. கல்யாண வீட்டில் உப்பு சரியா என்று கேட்க ஆட்கள் தேடி வருகிற மனிதர், எனக்காக உப்புக்குப் பதில் எலுமிச்சையும் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் குழம்பு வைக்கப் பழகினார். தனக்கென்று தனியாக வைத்துக்கொள்ளவும் இல்லை. "நீ துன்றத நானும் துன்றேன், போ" என்று சொல்லிவிட்டு, மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர்கள் பார்த்ததில்லை.

வேலை இடத்தில் நாலு மணிக்கு எல்லோரும் பஜ்ஜி வாங்கி வருவார்கள். நான் தொடமாட்டேன். அறைகளில் விருந்தாளிகளுக்கென்று ஒரு தட்டு வைப்போம். டீத்தூள், சர்க்கரைப் பொட்டலம், நொறுக்குத்தீனி பாக்கெட்டுகள். தேதி முடியப்போகும் பாக்கெட்டுகளை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. தானியக் குச்சி. பச்சை நிற உறை, கோதுமைக் கதிர், மூலையில் ஒரு சிவப்பு இதயம். 'ஏழு தானியம். எண்ணெயில் பொரிக்காதது' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருக்கும். இதயமே வரைந்திருக்கிறானே, நமக்கென்றே செய்தது என்று நினைத்தேன். பிறகு கடையில் பெரிய பாக்கெட்டாகக் காசு கொடுத்தே வாங்க ஆரம்பித்தேன். காலை டீக்குப் பாதி, மாலை டீக்குப் பாதி. வேலை முடியும் நேரம் பசித்தால் வெந்நீர் ஊற்றிக் கலக்கும் காய்கறி சூப் ஒன்று. அதன் மேலும் ஓர் இதயம் இருந்தது.

கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் குழி விழுந்து அப்படியே நிற்கும். நிற்கிற வேலை, அதனால் என்று விட்டுவிட்டேன். மல்லாந்து படுத்தால் இருமல் வந்தது. கடல் காத்து என்று சூசை கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஒருநாள் காலை, மாடி அறைக்குப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு ஏறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சை இழுக்க இழுக்க உள்ளே இடமில்லை. தண்ணீருக்குள் முங்கியவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி. கூட வேலை செய்யும் பெண்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியது வரை நினைவிருக்கிறது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சூசை என் கையைப் பிடித்தபோதுதான் மறுபடி கண் திறந்தேன்.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். எக்கோ எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஸ்கேன் பார்ப்பதுபோல் நெஞ்சில் பசையைத் தடவி, இதயம் அடிப்பதைத் திரையில் பார்ப்பது. என் இதயம் பலவீனமாகத் தள்ளுகிறதாம். பெரிய டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "உப்பு இருக்கிற இடத்துல தண்ணி தங்கும். உடம்புல தண்ணி ஏற ஏற ரத்தத்தோட அளவு கூடும், பிரஷர் கூடும். களைச்சுப்போன இதயத்தால அத்தனையையும் தள்ள முடியாது. தேங்கினது பின்னாடி நுரையீரலுக்குப் போயிடும்."

ஊசி போட்டு நீரைச் சிறுநீராக வெளியேற்றினார்கள். பை நிறைய நிறைய என் எடை இறங்கியது. குடிக்கும் தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், ஒரு டம்ளர் தண்ணீரை வாய் வாயாகப் பங்கு போட்டுக் குடித்தேன். இரவில் சாய்த்து வைத்த கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவேன். கண்ணை மூடினால் மறுபடி மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் சூசையின் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வேன். அவர் தரையில் பாய் விரித்திருந்தாலும், என் கைக்கு எட்டட்டும் என்று உட்கார்ந்தேதான் இருப்பார்.

அந்த மனிதரைத்தான் என் அண்ணன் ஜோசப் வார்டில் எல்லோர் எதிரிலும் கேட்டான்: "இன்னா மச்சான், அண்டாவுக்குப் போட்ற கைய வூட்லயும் காட்டினியா? எந்தங்கச்சிய இப்டி உக்கார வச்சிட்டியே!"

சூசை தலையைக் குனிந்து என் போர்வையை இழுத்துவிட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தால் இருமல் வந்தது. அண்ணன் எனக்காக வாங்கி வந்த பையைக் கட்டிலில் வைத்தான். உள்ளே நான் வாங்கும் அதே பெரிய பச்சைப் பாக்கெட். "ஒடம்புக்கு நல்லதாம், கடைக்காரன் சொன்னான்" என்றான்.

மறுநாள் சூசை வீட்டிலிருந்து கஞ்சியும் பீர்க்கங்காய்க் கூட்டும் கொண்டு வந்தார். நேராக என்னிடம் வராமல் நர்ஸ் மேசைக்குப் போனார்.

"சிஸ்டர், ஒரு வாய் துன்னு பாருங்க."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க?"

"ஒரே ஒரு வாய். ஒரு வருசமா என் பொண்டாட்டிக்கு இத்ததான் குடுத்துகினு கீறேன். நீங்க துன்னுட்டு டாக்டராண்ட சொல்லுங்க."

அவர் டப்பாவை நீட்டியபடியே நிற்க, நர்ஸ் ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தார். முகம் சுருங்கியது. "உப்பே இல்லையே அண்ணா!"

"அதான் சிஸ்டர். நானும் எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன்."

அந்த நர்ஸுக்கு நான் கடமைப்பட்டவள். டாக்டர் அம்மா ரவுண்டு வந்ததும் அவரே சொன்னார். டாக்டர் யோசித்துவிட்டு, "அப்போ உப்பு வேற எங்கிருந்தோ வருது" என்றார். மதியம் உணவு ஆலோசகர் ஒருவர் வந்தார். ரேவதி என்று பெயர். சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "சாப்பாட்டுக்கு நடுவுல வாயில போடுறது எல்லாம் சொல்லுங்க" என்றார்.

நான் பெருமையாகவே சொன்னேன். பஜ்ஜியை விட்டதை, குச்சி தின்பதை, சூப் குடிப்பதை. அண்ணன் கொண்டுவந்த பையையும் காட்டினேன்.

ரேவதி பாக்கெட்டை வாங்கி முன்பக்கத்தைப் பார்க்காமலே திருப்பினார். பின்னால், உறையை ஒட்டிய மடிப்புக்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. எறும்பு வரிசை மாதிரி எழுத்து. அதுவும் பச்சை மேல் மஞ்சள், ஆங்கிலத்தில். சூசை மடிப்பை விரித்துப் பிடிக்க, ரேவதி செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார்.

"உப்புன்னு தேடாதீங்க, இருக்காது. சோடியம்னு போட்டிருப்பாங்க. அதை ரெண்டரையால பெருக்கினாத்தான் உப்பு. இங்க பாருங்க, ஒரு தடவைக்கு நூத்தியெண்பது மில்லிகிராம். ஒரு நாளைக்கு ஆகலாம்ங்கிறதுல ஒன்பது சதவீதம். பாத்தா கொஞ்சமாத்தானே தெரியுது?"

"ஆமா."

"ஒரு தடவைன்னா எவ்வளவு? இதோ, இருபது கிராம்." பாக்கெட்டைப் பிரித்து சூசையின் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். எட்டுக் குச்சி. "இந்தப் பாக்கெட் மொத்தம் நூத்தியம்பது கிராம். நீங்க எவ்வளவு நாளைக்கு வச்சுச் சாப்பிடுவீங்க?"

"ஒரு நாளைக்கு."

அவர் கணக்குப் போட்டார். முழுப் பாக்கெட்டில் ஆயிரத்து முந்நூற்றைம்பது மில்லிகிராம் சோடியம். உப்பாகச் சொன்னால் மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. சூப்பில் இன்னொரு ஒன்றே முக்கால் கிராம். நல்ல உடம்புக்காரர்களே ஒரு நாள் முழுக்க எல்லாச் சாப்பாட்டிலுமாகச் சேர்த்து ஐந்து கிராமுக்குள் நிற்க வேண்டுமாம். என் வீட்டுச் சோறு வாயில் படும் முன்பே நான் அதைத் தாண்டியிருந்தேன்.

சூசை கையிலிருந்த குச்சியில் ஒன்றை வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடி, பிரியாணி பதம் பார்ப்பதுபோல் நாக்கில் உருட்டினார். "உப்பு தெரியவே இல்லியேம்மா. இனிப்பா கீது, புளிப்பா கீது. இத்தினி உப்ப எங்க ஒளிச்சான்?"

"சர்க்கரையும் புளிப்பும் சேத்துட்டா நாக்குக்குத் தெரியாது அண்ணா."

"முப்பது வருசமா அடுப்பாண்ட நிக்கறேன். என் நாக்கையே ஏமாத்திட்டானே!" என்றார் சூசை. கோபத்தைவிட அவமானம்தான் அந்தக் குரலில் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் திருக்கழுக்குன்றத்து கோமதி டீச்சர் இருந்தார். கோயில் வேலைக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தவருக்கு நெஞ்சிலும் கோளாறு என்று இந்த வார்டில் சேர்த்திருந்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், தலைமாட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். "இதையும் பாரும்மா. என் பையன் ஆசையா வாங்கிட்டு வரான். சர்க்கரை சேர்க்காததுன்னு போட்டிருக்கே."

ரேவதி படித்தார். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதலில் மைதா. அடுத்து பாமாயில். அடுத்து மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு பெயர். மாவுச்சத்திலிருந்து எடுக்கிற பொடி. சர்க்கரை என்று அதற்குப் பேரில்லை. ரத்தத்தில் போய்ச் சர்க்கரை மாதிரியே விறுவிறு என்று ஏறும். நூறு கிராம் பிஸ்கட்டில் எழுபது கிராம் மாவுச்சத்து.

"அப்போ சேர்க்கலைன்னு சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல டீச்சர். சர்க்கரையைச் சேர்க்கலதான்."

கோமதி டீச்சர் டப்பாவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்குச் சர்க்கரையாலதான் கண்ணு மங்கிப்போச்சு. இந்த எழுத்தை யாரு படிக்கணுமோ அவங்க கண்ணால படிக்க முடியாத அளவுக்கு அச்சடிச்சிருக்கானே, இவன் கணக்குல கெட்டிக்காரன்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. என் பாக்கெட்டின் ஏழு தானியங்களையும் தேடினேன். இருந்தன. முதலில் மைதா, பிறகு எண்ணெய், எல்லாம் முடிந்து கடைசியில் ராகி இரண்டு சதவீதம், கம்பு ஒரு சதவீதம் என்று. பிரசாதத்தில் போடும் பச்சைக் கற்பூரம் அளவுக்கு. அதற்கு முன்பக்கத்தில் ஒரு வயலையே வரைந்திருந்தான்.

பாக்கெட்டின் அடியில் இலவச எண் இருந்தது. மூச்சு வாங்காமல் சேர்ந்தாற்போல் பேச முடிந்த அன்றே கூப்பிட்டேன். தமிழுக்கு எந்த எண்ணை அழுத்தவேண்டும் என்று ஒரு குரல் சொன்னது. முன்பக்கம் தமிழ் இல்லை, பின்பக்கம் தமிழ் இல்லை, திட்டுவதற்கு மட்டும் தமிழ் வைத்திருக்கிறார்கள் என்றார் கோமதி டீச்சர். ஒரு பெண் எடுத்தது.

"ஒரு தடவைக்கு எட்டுக் குச்சின்னு கணக்கு வச்சிருக்கீங்களேம்மா, எட்டோட நிறுத்துற ஆள நீ பாத்திருக்கியா?"

"மேடம், எங்க லேபிள் விதிமுறைப்படி சரியாத்தான் இருக்கு மேடம்."

"இதயம் வரைஞ்சிருக்கீங்களே, நான் இதய வார்டுலேருந்து பேசறேன்."

"அது டிசைன் மேடம்" என்றது பெண். பாவம், அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது? புகாரைப் பதிவு செய்துகொண்டதாகச் சொல்லி வைத்துவிட்டது. சாயங்காலம் செல்போனில் செய்தி வந்தது. எனக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம். அதே கம்பெனியின் புதிய காரச் சுவைப் பாக்கெட் இரண்டை இலவசமாகப் பெற்றுக்கொள்ளக் கூப்பன் அனுப்பியிருந்தார்கள்.

சூசைக்குப் படித்துக் காட்டினேன். அத்தனை நாள் கழித்து அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். சிரித்து முடித்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? அந்தக் கம்பெனி திருட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை என்பதில்தான். எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், புரியாத பெயரில், யாரும் தின்னாத அளவுக்குக் கணக்குப் போட்டு, ஒட்டின மடிப்புக்கு அடியில் எழுதியிருக்கிறது. வீட்டில் கண்ணெதிரே உப்பைக் கிள்ளிப்போட்டவன் மட்டும் குற்றவாளி. நோய்க்கு அந்தப் பாக்கெட்டே முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிரஷர் எனக்கு முன்பே இருந்தது. ஆனால் அதை அடக்க நாங்கள் வீட்டில் பட்ட பாட்டையெல்லாம் ஓர் இதயப் படத்தைக் காட்டிக் கவிழ்த்துவிட்டானே என்பதுதான் ஆறவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ரேவதி சொல்லிக்கொடுத்ததை இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். முன்பக்கத்தைப் பார்க்காதே. 'ஒரு தடவைக்கு' என்ற பத்தியையும் விட்டுவிடு. ஒவ்வொருவன் ஒவ்வொரு அளவு வைத்திருப்பான். நூறு கிராமுக்கு என்று இருக்கும் பத்தியை மட்டும் பார். இரண்டு பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து அந்தப் பத்தியை ஒப்பிட்டால் எது மேல் என்று தெரிந்துவிடும். சோடியம், சேர்த்த சர்க்கரை, சேச்சுரேட்டட் ஃபேட் என்கிற நிறைவுற்ற கொழுப்பு, மூன்றும் எதில் குறைவோ அது. சேர்மானத்தில் முதல் மூன்று பெயரைப் படி. அந்த மூன்றையும் வைத்து உன் சமையலறையில் ஒரு பலகாரம் செய்வாயா என்று யோசி. உப்பில்லாமல் வறுத்த நிலக்கடலைப் பாக்கெட் ஒன்று தேடிப் பிடித்தேன். சேர்மானத்தில் ஒரே சொல்: நிலக்கடலை. அதைக் கண்டபோது கடையிலேயே அழுகை வந்துவிட்டது.

அண்ணன் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வந்தான். கொய்யாப் பழம் கொண்டு வந்திருந்தான். சூசையிடம், "மச்சான், தப்பா நென்சிக்காத" என்றான். சூசை, "உக்காரு, சோறு துன்னுட்டுப் போ" என்றார். உப்பில்லாத மீன் குழம்பு. அண்ணன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். பாவம், கண்ணெல்லாம் கலங்கியது.

வேலைக்குத் திரும்பியபோது மாடி அறைகளை எனக்குப் பதில் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். கீழ் வரிசை என் பொறுப்பு. ரிசார்ட்டில் ஆரோக்கிய வாரம் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு மூங்கில் கூடை, அதில் 'உங்கள் இதயத்துக்காக' என்று ஓர் அட்டை, அட்டைக்குப் பின்னால் வரிசையாக அந்தப் பச்சைப் பாக்கெட்டுகள். மேனேஜரிடம் போய் வேண்டாம் என்றேன். காரணம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால், "மேலேருந்து வந்த ஆர்டர் ஸ்டெல்லா, கம்பெனியோட ஒப்பந்தம். நீ அடுக்குற வேலைய மட்டும் பாரு" என்றார்.

அடுக்கினேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒட்டின மடிப்பை விரித்து நீவிவிட்டு, கட்டம் வெளியே தெரியும்படி பின்பக்கத்தை முன்னால் வைத்து அடுக்கினேன். எல்லா அறையிலும்.

மதியம் மேனேஜர் சுற்றி வந்தார். கடலைப் பார்த்த அறையில் கூடைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"என்ன ஸ்டெல்லா இது, எல்லாம் முதுகக் காட்டிட்டு இருக்கு?"

"அது முதுகு இல்ல சார்," என்றேன். "அதான் அதோட மூஞ்சி."

அவர் ஒரு பாக்கெட்டை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு வேலை போகுமா என்று தெரியவில்லை. அவர் படித்து முடிக்கட்டும் என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன்.